‘காயில் போயிடுச்சு’ என்று சொல்லும் முன்...



ரோட்டோரத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டால் போதும், நம் ஊரில் மூன்று பேர் கூடி மூன்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். “பிளக் போயிடுச்சுப்பா” என்பார் ஒருவர். “காயில் வீக்கா இருக்கும்” என்பார் இன்னொருவர். “கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினா சரியாயிடும்” என்பார் டீக்கடையில் இருந்து எழுந்து வந்தவர். மூவரில் ஒருவராவது வண்டியைத் தொட்டுப் பார்த்திருப்பாரா என்றால், அதுதான் இல்லை!

டீக்கடையில் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே தீர்ப்பை ஒரு ஒர்க்ஷாப்பில், கையில் ஸ்பேனர் வைத்திருப்பவர் சொன்னால்? நாளைக்கு டிப்ளமோ முடித்துவிட்டு நீங்களும் நானும் சொன்னால்? அதற்கு விலை உண்டு. அந்த விலையை வண்டிக்காரர் தருகிறார்.

நான் ஆட்டோமொபைல் பிரிவு மூன்றாமாண்டு மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மெக்கானிக் ஷெட்டில் கூடமாட வேலை செய்கிறேன். அங்கே பார்த்ததையும், வகுப்பில் படித்ததையும் சேர்த்துவைத்து யோசித்ததில் எனக்குத் தோன்றிய ஒரே ஒரு கருத்தை இந்த ஆண்டு மலரில் உங்கள் முன் வைக்கிறேன். அது இதுதான்: பழுதைக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலை. பாகத்தை மாற்றுவது அதற்கு அடுத்த வேலை. முதல் வேலையை நாம் மதிப்பதில்லை; அதற்குக் கூலி கொடுப்பதும் இல்லை. அதனால்தான் நல்ல காயில்கள் குப்பைக்குப் போகின்றன.

சிவில், கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் ‘இது நமக்கில்லை’ என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசியில் இது உங்கள் கதையாகவும் இருக்கும்.

பழைய வண்டி எதற்கு?

“சார், இது இன்ஜெக்‌ஷன் காலம். பாயின்ட் வண்டியைப் பற்றி எழுதுகிறாயே?” என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பழைய புல்லட் நம் ஊர்ப் பிள்ளை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாயிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆலை இருக்கிறது. வண்டிகளுக்கு வேண்டிய மின்சாதனங்களைச் செய்வதற்கென்றே 1961-ல் உருவான கம்பெனி அது. ஆக, நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற ஊர்களிலேயே இந்தப் பாடத்தின் பாதி இருக்கிறது.

முக்கியமான காரணம் வேறு. பழைய புல்லட்டில் எதுவும் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. பொறி பிறக்கும் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், ஒரு சின்ன பல்பை வைத்துச் சோதிக்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

பொறி எப்படிப் பிறக்கிறது?

ஓடும் காந்தப்புலம் கம்பிச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தார். பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அதை வைத்து 1902-ல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனி உயர் மின்னழுத்த மேக்னட்டோவைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் பேட்டரியையும் காயிலையும் வைத்து 1910-களின் தொடக்கத்தில் இன்னொரு வழியைக் காட்டினார். பழைய புல்லட்டில் இருப்பது இந்தக் கெட்டரிங் வழிதான்.

பேட்டரியில் இருந்து புறப்படும் கரன்ட் ஃப்யூஸ், கீ சுவிட்ச் வழியாகக் காயிலின் முதல் சுற்றுக்குள் போகிறது. அங்கிருந்து சி.பி. பாயின்ட் வழியாக எர்த் ஆகிறது. பாயின்ட் மூடியிருக்கும்வரை காயிலுக்குள் காந்தப்புலம் நிற்கிறது. கேம் திரும்பிப் பாயின்ட்டைத் திறந்ததும் கரன்ட் அறுந்து காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில்தான் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து, ஹெச்.டி. ஒயர் வழியாகப் பிளக் முனையில் பொறியாகத் தாவுகிறது.

இதில் பலருக்குப் புரியாமல் இருப்பது கண்டன்சர். பாயின்ட் திறக்கும் அந்த நொடியில் கரன்ட் சட்டென்று நிற்க மறுத்து, பாயின்ட்டின் இடைவெளியிலேயே தாவப் பார்க்கும். அதைத் தன்னிடம் இழுத்துக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. கண்டன்சர் பலவீனமானால் பாயின்ட்டில் நீலமாகப் பொறி தெறிக்கும், பாயின்ட் முகம் கருகிக் குழி விழும், பிளக்கில் பொறி மெலிந்துவிடும். ‘பாயின்ட் அடிக்கடி தேயுது’ என்று பாயின்ட்டையே மாற்றிக்கொண்டிருப்பவர் கண்டன்சரைப் பார்க்க வேண்டும்.

சந்தேகத்தைப் பாதியாக வெட்டு

கண்டுபிடிப்பது என்பது மந்திரமல்ல, வரிசை. ஒவ்வொரு சோதனையும் நம் சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குறைக்காத சோதனை வெறும் கைவேலைதான்.

முதல் கேள்வி: பிளக்கில் பொறி வருகிறதா? பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடம்பு இன்ஜின் ஹெட்டில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக்கரை அடிக்க வேண்டும். பிளக் துவாரத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நீலமாக, ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு பொறி வந்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கத்தை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போகலாம். ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் உண்டு. வெளிக் காற்றில் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாவாமல் போகலாம். அழுத்தம் கூடினால் தாவுவதற்கு வோல்ட்டும் அதிகம் வேண்டும். பொறி சிவந்து மெலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பொறி இல்லையென்றால் இரண்டாவது கேள்வி: காயிலுக்குள் கரன்ட் போகிறதா? இதற்குப் பழைய புல்லட்டிலேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட் மேல் இருக்கும் அம்மீட்டர்! விளக்குகளை அணைத்துவிட்டுக் கீயைப் போட்டு, கிக்கரை மெல்ல மெல்லக் கையால் அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். ‘முள் நடுவுக்கு வந்த பிறகு உதை’ என்று நம் பெரியவர்கள் புல்லட்டை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக்கொடுத்தது இதை வைத்துத்தான்.

இப்போது பாருங்கள், அந்த ஒரு முள் எத்தனை சேதி சொல்கிறது! முள் சாய்ந்து சாய்ந்து நடுவுக்கு வருகிறதா? பேட்டரி, ஃப்யூஸ், கீ, பாயின்ட் எல்லாம் ஓரளவு வேலை செய்கின்றன. பழுது காயிலின் இரண்டாவது சுற்று, கண்டன்சர், ஹெச்.டி. ஒயர், கேப், பிளக் இவற்றில் இருக்கலாம். முள் அசையவே இல்லையா? கரன்ட் காயிலைத் தாண்டி எர்த் வரை போகவே இல்லை. பேட்டரியில் இருந்து பாயின்ட் வரை எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது பாயின்ட் முகத்தில் அழுக்கு. சாய்ந்த முள் திரும்பி வரவே இல்லையா? பாயின்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ பாயின்ட் ஒயரோ எர்த் ஆகிவிட்டது. ஐந்து நிமிடம், ஐந்து பைசா செலவில்லை!

அதன் பிறகுதான் அளவுகள். பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35-ல் இருந்து 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபில்லர் கேஜ் இல்லாமல் கண்ணளவில் வைப்பது கூடாது. டைமிங், ஆட்டோ அட்வான்ஸ் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். பாயின்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை மாட்டினால் பாயின்ட் திறந்த கணத்தில் அது எரிந்து காட்டிவிடும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும். எனவே இடைவெளி முதலில், டைமிங் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ‘வண்டி இழுக்கவில்லை’ என்று புலம்புபவர்கள் எத்தனை பேர்!

மாற்றாமல் ஓட வைத்தது

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். டைல்ஸ் போடும் வேலை செய்யும் ஒருவர் அப்பாவின் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். கட்டிங் மெஷினை அதில்தான் கட்டிக்கொண்டு சைட்டுக்குப் போவார். மேடுபள்ளத்தில் இறங்கினால் வண்டி கட் ஆகிறது. சில நேரம் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் அரை மணி நேரம் உதைத்தாலும் ஆவதில்லை. அதற்குள் வேறு இடங்களில் பிளக், கண்டன்சர், காயில் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. இரண்டு நாள் வேலையும் போயிற்று. நாள் கூலி வேலையில் ‘வண்டி ரிப்பேர்’ என்றால் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. கீயைப் போட்டார், கிக்கரைக் கையால் அழுத்தினார். முள் அசையவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். முள் சாய்ந்தது. இன்னொரு குலுக்கு, முள் மறுபடி நடுவுக்கு வந்துவிட்டது. “தம்பி, டெஸ்ட் லாம்ப் எடு” என்றார். பேட்டரி முனையில் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃப்யூஸ் தாண்டியும் பளிச். கீ சுவிட்சுக்குள் போகும் ஒயரில் பளிச். வெளியே வரும் ஒயரில் மங்கல், குலுக்கினால் அணைந்தது. சுவிட்சின் பின்பக்கம் பார்த்தால் ஒயர் முனை தளர்ந்து, பச்சையாகக் களிம்பேறி இருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, புது லக் அடித்து இறுக்கினார். முக்கால் மணி நேரம். இரண்டு ஸ்பீட் பிரேக்கர் ஏற்றி இறக்கிக் காட்டியாயிற்று.

அண்ணன் முந்நூறு ரூபாய் கேட்டார். வண்டிக்காரர் முகம் மாறிவிட்டது.

“ஒரு ஸ்பேரும் மாத்தலையேப்பா... இதுக்குப் போய் முந்நூறா?”

“மாத்தாம ஓட வெச்சதுக்குத்தாண்ணே காசு.”

அவர் இருநூறு கொடுத்துவிட்டுப் போனார். தேவையில்லாத காயிலுக்கும் கண்டன்சருக்கும் அதைவிடப் பல மடங்கு பணத்தை ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தவர் அவர்! அவர் மீது எனக்குக் கோபமில்லை. பாகம் கையில் தெரிகிறது, அறிவு கையில் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

அவர் போன பிறகு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சும்மா ஒரு பிளக்க மாத்திக் காட்டியிருந்தா ஐநூறு குடுத்திருப்பாரு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிந்தித்துப் பாருங்கள் நண்பர்களே! நேர்மையாகக் கண்டுபிடித்தவனுக்கு இருநூறு. ஊகித்து மாற்றியவனுக்கு ஐநூறு. இந்தக் கணக்கு இப்படியே இருந்தால் எந்த மெக்கானிக் டெஸ்ட் லாம்பைத் தேடுவான்?

யார் குற்றம்?

‘மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏமாற்றுபவர்கள் இருக்கலாம். ஆனால் ஊகித்து மாற்றுபவர்களில் பலர் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்ல. சோதிக்கும் நேரத்துக்கு யாரும் கூலி தராததால், சோதிக்காமல் இருக்கப் பழகிப்போனவர்கள்.

மனிதனுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்கிறோம்? ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுக்கிறோம். ‘ஒன்றும் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் காசு கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம். ‘ஒரு மாத்திரைகூடத் தரலையே, எதுக்குப் பணம்?’ என்று கேட்பதில்லை. வண்டிக்கு மட்டும் ஏன் இந்த வேறு நியாயம்?

இதற்கு மூன்று எளிய வழக்கங்களை நாம் தொடங்கலாம். முதலாவது, வேலையைத் தொடும் முன்பே சொல்லிவிடுவது: ‘பார்த்துச் சொல்ல இவ்வளவு, சரிசெய்யத் தனி.’ இரண்டாவது, பில்லில் சோதனைக் கூலி ஒரு வரி, பாகம் ஒரு வரி என்று பிரித்து எழுதுவது. மாற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவது. மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: சோதனையை வண்டிக்காரருக்குக் காட்டுவது. முள் அசையாததை அவரும் பார்க்கட்டும். பல்பு மங்குவதை அவரும் பார்க்கட்டும். கண்ணால் பார்த்த வேலைக்குக் காசு கொடுக்க நம் மக்கள் தயங்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

‘அப்படிச் சொன்னால் கஸ்டமர் அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுவானே’ என்பது நியாயமான பயம். சிலர் போவார்கள். ஆனால் மூன்று பாகம் மாற்றியும் சரியாகாமல் திரும்பி வருகிறவர் எங்கே வருவார்? வரிசையாகப் பார்ப்பவரிடம்தான் வருவார்.

ஒரே நோய்க்குறி, மூன்று நோய்

ஊகம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு உதாரணம். பழைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார்: ‘பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் நிழலில் நிறுத்தினால் தானே ஸ்டார்ட் ஆகிறது.’ கேட்டதும் ‘காயில் சூடாகுது’ என்போம். சரிதான், காயிலின் உள் சுற்று சூட்டில் விரிந்து விட்டுப்போகலாம். ஆனால் கண்டன்சரும் சூட்டில் இதே மாதிரி மக்கர் செய்யும். மூன்றாவதாக ஒரு கள்ளன் இருக்கிறான்: பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துவாரம்! அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் காற்று போகாது, பெட்ரோல் இறங்காது. நிறுத்தி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழைந்து, வண்டி மறுபடி ஓடும்.

மூன்றுக்கும் அறிகுறி ஒன்றே. வீட்டுக்கு வந்து, இன்ஜின் ஆறிய பிறகு பார்த்தால் மூன்றுமே ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்லும். நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறதா? பிளக்கில் பொறி இருக்கிறதா? இந்த இரண்டு கேள்வி போதும். நோயாளி காய்ச்சலில் இருக்கும்போதுதான் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்!

வண்டிக்கு வண்டி நியாயமும் வேறு. பாயின்ட் புல்லட்டில் கீயைப் போட்டால்தான் காயிலுக்குக் கரன்ட் போகும். 1985-ல் இருந்து 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100 அப்படியில்லை. அதில் பாயின்ட் கிடையாது, சி.டி.ஐ. பெட்டி. பொறிக்கான கரன்ட் மேக்னட் பக்கத்தில் இருந்தே பிறக்கிறது, பேட்டரி இல்லாமலே ஸ்டார்ட் ஆகும். அங்கே கீயின் வேலை கரன்ட் கொடுப்பது அல்ல, அணைக்கும்போது எர்த் செய்வது. எனவே புல்லட்டில் கீ ஒயர் அறுந்தால் பொறி போகும், ஆர்.எக்ஸில் கீ ஒயர் உரசி எர்த் ஆனால் பொறி போகும். அந்த ஒயரைப் பிரித்துவிட்டு உதைத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். இதைத் தெரியாமல் சி.டி.ஐ. பெட்டியை வாங்கச் சொன்னால்? கஸ்டமர் பாவம்தான்.

ஸ்கேனர் இருக்கே!

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஸ்கேனரை மாட்டினால் கோட் வருகிறது. ‘இனி எதற்கு யோசிக்க வேண்டும்?’ என்று நம் வகுப்பிலேயே சிலர் கேட்கிறார்கள்.

ஸ்கேனர் ஒரு நல்ல கருவி. ஆனால் அது சொல்வது ‘இந்தச் சுற்றில் கோளாறு’ என்பதை மட்டும்தான். சென்சார் செத்ததா, சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்ததா, கனெக்டரில் களிம்பேறியதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். பழைய புல்லட்டின் கீ சுவிட்சில் ஏறிய அதே பச்சைக் களிம்பு இன்றைய பைக்கின் கனெக்டரிலும் ஏறும். கோட் வந்ததும் சென்சாரை மாற்றுவது, முள்ளைப் பார்க்காமல் காயிலை மாற்றிய அதே பழைய பழக்கம். சட்டை மட்டும் புதுசு! சென்சாரின் விலையோ இன்னும் அதிகம்.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களே, புரோகிராம் ஓடவில்லை என்றால் கண்டபடி வரிகளை அழித்து அழித்துப் பார்ப்பீர்களா, நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி ‘இதுவரை சரியா?’ என்று பார்ப்பீர்களா? சிவில் நண்பர்களே, சுவரில் ஈரம் தெரிந்தால் உடனே பூச்சைக் கொத்துவீர்களா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பீர்களா? அதனால்தான் சொன்னேன், இது எல்லோருடைய கதையும்தான்.

நாம் என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது என் நோக்கமல்ல. நம் மாணவர் பேரவையும் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய மூன்று காரியங்களைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: நம் ஒர்க்ஷாப்புக்கு, ஓடுகிற நிலையில் ஒரு பாயின்ட் வண்டி வேண்டும். பாதியாக வெட்டிப் பெயின்ட் அடித்து வைத்த இன்ஜின் அல்ல. உதைத்தால் ஸ்டார்ட் ஆகிற வண்டி! புதுப்பேட்டையில் தேடினால் ஸ்பேர் கிடைக்கும். செலவை மூன்று ஆண்டு மாணவர்களும் பங்கு போட்டால் தலைக்குப் பெரிதாக வராது.

இரண்டு: ‘பழுது ஒளித்தல்’ பயிற்சி. ஒரு குழு வண்டியில் ஒரு கோளாறை ஒளித்துவைக்க வேண்டும். பாயின்ட்டுக்கு நடுவே ஒரு துண்டுப் பேப்பர், தளர்த்திய எர்த் ஒயர், கழற்றிய கண்டன்சர், இப்படி ஏதாவது. இன்னொரு குழு கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண் வேகத்துக்கு அல்ல, நோட்டுக்கு: என்ன சந்தேகப்பட்டோம், எதைச் சோதித்தோம், என்ன தெரிந்தது, எந்தச் சந்தேகம் தீர்ந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். போர்டு பிராக்டிகலில் மனப்பாடம் செய்து எழுதும் பத்துப் பக்கத்தைவிட இந்த ஒரு பக்கம் நமக்கு வாழ்நாள் முழுக்க உதவும். அனுபவசாலி மெக்கானிக் அண்ணன்கள் சத்தத்தைக் கேட்டே பாதியைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காது நமக்கு வர இருபது வருடம் ஆகும். ஆனால் எழுதிவைக்கும் பழக்கத்தை நாம் அவர்களுக்குக் கொண்டுபோகலாம்.

மூன்று: ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலப்பன்சாவடி, திருவேற்காடு பக்கத்து மக்களுக்கு இலவச வண்டிச் சோதனை முகாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் வெடித்த ஹெச்.டி. ஒயரிலும் பழைய பிளக் கேப்பிலும் ஈரம் ஏறிப் பொறி வெளியே கசியும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒயர் மேல் நீலமாக மினுக்குவது தெரியும். பால் போடுபவர், தண்ணீர் கேன் போடுபவர், சைட்டுக்குப் போகும் மேஸ்திரி, இவர்களுக்கெல்லாம் அதை நேரில் காட்டி ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். பாகம் விற்க வேண்டாம். சோதனைச் சீட்டு மட்டும்! அப்படிச் சீட்டு வாங்கிப் பழகியவர் அடுத்த முறை ஷெட்டுக்குப் போகும்போது ‘எதை வெச்சு சொல்றீங்க?’ என்று கேட்பார். சோதித்துச் சொல்பவருக்குக் கூலி கொடுக்கவும் பழகுவார்.

படித்து முடித்தபின் நம்மில் சிலர் அம்பத்தூரில் கம்பெனிக்குப் போவோம், சிலர் ஒரகடம் போவோம், சிலர் சொந்தமாக ஷெட் போடுவோம். எங்கே போனாலும் நின்றுபோன ஏதோ ஒன்று நம் முன்னால் நிற்கும். பக்கத்தில் அதை நம்பிப் பிழைக்கும் ஒருவரும் நிற்பார். அவருடைய பாக்கெட்டில் கைவைக்கும் முன் அந்த மெஷினிடம் ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வோம். டிப்ளமோ என்ற அந்தக் காகிதத்துக்கு மரியாதை அதில்தான் இருக்கிறது.

இனி யாராவது உங்களிடம் ‘காயில் போயிடுச்சு’ என்று சொன்னால், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எப்படிண்ணே தெரிஞ்சுது?”

பதில் சொல்கிறவரிடம் வேலை கற்றுக்கொள்ளுங்கள்!